காதுக்கு விருந்து: டெரசா டெங் பாடிய பழைய பாடம்

‘பாஷை தெரியாத பாட்டைக் கேட்டு என்னத்தை ரசிக்கிறாய்?’ என்று வீட்டில் யாராவது கேட்டால், சகோதரிகளே, ‘ஆராதனா’வை ஞாபகப்படுத்துங்கள். 1969-ல் அந்த இந்திப் படம் வந்தபோது நம் ஊரில் எத்தனை பேருக்கு இந்தி தெரியும்? இருந்தும் பெண்கள் விடுதியிலும் குழாயடியிலும் அந்தப் பாட்டுகள்தான். மெட்டு முதலில் உள்ளே வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அர்த்தம் மெதுவாகப் பின்னால் வந்து சேரும்.

அந்தத் தைரியத்தில்தான் இந்த முறை உங்களை ஒரு மாண்டரின் பாடகியிடம் அழைத்துப் போகிறேன். பயந்துவிடாதீர்கள். சீனம் கற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பாட்டுகள் உள்ள ஓர் இசைத்தட்டைப் பற்றி, ஒரு ரசிகையாக என் மனசில் பட்டதைச் சொல்லப் போகிறேன். அவ்வளவுதான்.

பாடகியின் பெயர் டெரசா டெங். சீனப் பெயர் டெங் லிஜுன். 1953 ஜனவரி 29-ம் தேதி தைவான் தீவில், யுன்லின் என்ற மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்தவர். மூன்று அண்ணன், ஒரு தம்பி, நடுவே ஒரே பெண் குழந்தை. சின்னக் குழந்தையாகவே பாட்டுப் போட்டிகளில் பரிசு வாங்கி, 1967-ல் முதல் இசைத்தட்டு கொடுத்துவிட்டார். பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. ஆனால் பாஷைகள் அவருக்கு எப்படித்தான் வசப்பட்டனவோ! மாண்டரின், ஹொக்கியன், கண்டனீஸ், ஜப்பானியம், இந்தோனேசியம், ஆங்கிலம் என்று எல்லாவற்றிலும் பாடியிருக்கிறார். 1979-ல் அவர் பாடிப் பிரபலமான ஒரு பாட்டு, தேன் போன்ற சிரிப்பைப் பற்றியது. அதன் மெட்டு ஓர் இந்தோனேசியப் படகுப் பாட்டிலிருந்து வந்தது.

குரல் எப்படி என்று கேட்கிறீர்களா? உரக்கப் பாடவே மாட்டார். தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருக்கும்போது நாம் எப்படிப் பேசுவோம், அப்படி இருக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவார். அடி முடிகிற இடத்தில் குரலை அறுத்து நிறுத்தாமல், கதவை ஓசைப்படாமல் சாத்துவது போல விட்டுவிடுவார்.

எனக்கு எப்படிக் கிடைத்தது

என் நாத்தனாருக்கு சிங்கப்பூரில் பிரசவம் ஆனபோது துணைக்கு நான் போயிருந்தேன். அரசாங்க அடுக்குமாடி வீடு, பத்தாவது மாடி. பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆன்டி. பிரசவித்தவளுக்கு ஒரு மாதம் பத்தியம் என்பதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டி! இஞ்சியைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெயில் வதக்கிய கோழி, சீன இலந்தைப் பழத்தைக் கொதிக்க வைத்த தண்ணீர் என்று தினம் ஒன்று கொண்டுவந்து தருவார். நான் கோழி சாப்பிட மாட்டேன் என்றதும், எனக்குப் பதிலுக்கு ஒன்று தர வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பழைய கேஸட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் போட்டுக் கேட்க அவர் வீட்டு டேப்ரிகார்டரையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வந்தார்.

“அண்ணி, ஆன்டிக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இந்த கேஸட்டை அவங்க மருமகளுக்குக்கூடத் தர மாட்டாங்க” என்றாள் நாத்தனார்.

கேஸட்டின் பெயர் ‘டான்டான் யோச்சிங்’. மெல்லிய, ஆழ்ந்த மனவுணர்வு என்று பொருள் சொல்லலாம். 1983 பிப்ரவரியில் வெளிவந்தது. டெரசா டெங் அப்போது முப்பது வயது நிறைந்தவர். ஆசியாவில் சீனம் பேசும் இடமெல்லாம் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருந்த நேரம். இன்னொரு கேஸட் நிறையக் காதல் பாட்டுப் பாடியிருந்தாலே விற்றுத் தீர்ந்திருக்கும்.

அவரோ, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கவிதைகளைப் பாடிவிட்டார்!

“எனக்கு அப்போ கல்யாணமான புதுசு. எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் வேலை. சம்பளம் வந்த அன்றைக்கே ஓடிப்போய் வாங்கினேன். வீட்டில் வந்து அட்டையைப் படிச்சா, எல்லாம் பழைய கவிதை! காசு கொடுத்துப் பள்ளிக்கூடப் பாடத்தை வாங்கிட்டு வந்துட்டோமேன்னு அழுகையா வந்தது” என்று ஆன்டி சொல்ல, நாத்தனார் எனக்குத் தமிழில் சொன்னாள்.

ஆன்டியின் வீட்டு பாஷை ஹொக்கியன். சிங்கப்பூர் அரசாங்கம் 1979-ல் ‘மாண்டரின் பேசுவோம்’ என்று ஓர் இயக்கம் தொடங்கி, சீனர்கள் வீட்டிலும் கடையிலும் மாண்டரின் பேச வேண்டும் என்று சொன்னது. ஆன்டிக்கு அந்த பாஷை வசமானது டெரசா டெங் பாட்டுகளால்தானாம். ‘வாத்தியார் அடிச்சும் வராதது, இவ பாடி வந்துடுச்சு’ என்று சிரித்தார்.

மெட்டைத் தொலைத்த பாட்டுகள்

இந்தக் கவிதைகளின் ஜாதகத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் டெரசா செய்த காரியத்தின் அருமை புரியும்.

சீனத்தில் ‘ட்ஸு’ என்று ஒரு கவிதை வகை. சோங் பேரரசு காலத்தில், அதாவது 960 முதல் 1279 வரை, அமோகமாகச் செழித்தது. இதை எழுதும் முறை வேடிக்கையானது. மெட்டு முதலில் இருக்கும். அந்த மெட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். கவிஞர் அந்த மெட்டின் நீட்டல் குறுக்கலுக்குத் தகுந்தபடி வார்த்தை போட வேண்டும். நம் சினிமாக் கவிஞர்கள் மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறார்களே, அதே சங்கதிதான்! காலப்போக்கில் மெட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. கவிதைக்குத் தலைப்பாக மெட்டின் பெயர் மட்டும் மிஞ்சியது. பாடுவதற்காகப் பிறந்தவை பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளாகிவிட்டன.

நமக்கு இது புது விஷயம் இல்லை. அன்னமாச்சாரியார் கீர்த்தனைகள் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தபோது ராகத்தின் பெயர் இருந்தது, பாடும் மெட்டு இல்லை. பிற்காலத்தவர் மெட்டுப் போட்டு, எம்.எஸ். பாடி, நம் வீட்டுப் பூஜை அறை வரைக்கும் அவை வந்து சேர்ந்தன அல்லவா? டெரசா டெங்கின் தட்டிலும் அப்படித்தான். பழைய கவிதைகள் பன்னிரண்டுக்கும் இந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் மெட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாண்டரினில் ஒரே ‘மா’வை நான்கு விதமாக ஏற்றி இறக்கிச் சொன்னால் அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நான்கு அர்த்தம். பாட்டில் மெட்டுக்குத் தகுந்தபடி குரல் ஏறி இறங்கும்போது இந்த வித்தியாசம் மறைந்துவிடும். கேட்பவர்கள் முன்னும் பின்னும் வரும் வார்த்தையை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய கவிதையின் சுருக்கமான நடையில் இது இன்னும் கஷ்டம். ஆனால் பள்ளியில் படித்த செய்யுள் என்பதால், கேட்பவர்களுக்கு வார்த்தை முன்பே மனசில் இருந்தது. அன்றைக்கு வெறுப்பாக நெட்டுருப் போட்டது இப்போது கைகொடுத்தது!

பன்னிரண்டில் எனக்குப் பிடித்தவை

முதல் பாட்டு ஒரு ராஜாவுடையது. லி யூ என்ற அந்த அரசர் 975-ல் நாட்டைப் பறிகொடுத்து, எதிரியின் தலைநகரில் காவலில் இருந்து, 978-ல் அங்கேயே மாண்டவர். இந்தத் தட்டில் அவர் கவிதைகள் மட்டும் மூன்று. நாடாளத் தெரியவில்லை, எழுதத் தெரிந்தது. ராத்திரியில் தனியாக மாடியேறி நிலாவைப் பார்த்து நிற்கும் காட்சி. டெரசாவின் குரலும் தொடக்கத்தில் ஏறக்குறையத் தனியாகத்தான் வருகிறது. அடுப்பில் எதுவும் வைக்காத நேரத்தில் கேட்க வேண்டிய பாட்டு. வைத்திருந்தால் தீய்ந்துவிடும்!

இன்னொன்று சின் சீஜி என்பவருடையது. இளமையில் துக்கம் என்றால் என்னவென்று தெரியாது, ஆனாலும் கவிதைக்காகத் துக்கம் துக்கம் என்று எழுதினேன் என்கிறார். இப்போது துக்கத்தின் ருசி முழுக்கத் தெரிந்த பிறகு, சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், குளிர்ச்சியைப் பற்றி ஏதோ பேசிவிட்டுப் போகிறார். இந்த இடத்தில் எனக்கு எத்தனை பெண்கள் ஞாபகம் வந்தார்கள் தெரியுமா? ‘எப்படி இருக்கே?’ என்று கேட்டால், ‘இருக்கேன், இங்கே ஒரே வெயில்’ என்று பதில் சொல்வார்களே, அவர்கள்தான். டெரசா இந்தப் பாட்டில் அழவே இல்லை. அழாமல் பாடியிருப்பதுதான் நம்மை என்னமோ செய்கிறது.

மூன்றாவதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரலாம். எழுதியவர் ஒரு பெண். நியே ஷெங்சியோங் என்று பெயர், சோங் தலைநகரத்துக் கணிகை. அவளைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட அதிகாரி ஒருவருக்குப் பிரிவைப் பற்றி ஒரு கவிதை எழுதி அனுப்பினாளாம். வெளியே விடிய விடிய மழை, உள்ளே அவள் கண்ணீர் என்று போகும் கவிதை. அவர் அதைப் பெட்டியில் ஒளித்து வைக்க, மனைவி கண்டுபிடித்துவிட்டாள். சண்டையா? இல்லை. கவிதையின் அழகில் மனம் கரைந்து, தன் சீதனப் பணத்தைக் கணவனிடம் கொடுத்து, ‘போய் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்றாளாம்!

எந்த ஆண்பிள்ளை இந்தக் கதையை முதலில் சொன்னாரோ! அந்த மனைவிக்கு மனசுக்குள் என்ன ஓடியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நம் மாதவி கோவலனுக்கு எழுதிய ஓலை கண்ணகி கையில் கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். நீங்களும் யோசியுங்கள். ஒன்று மட்டும் நிச்சயம். ஒரு பெண்ணின் துயரம் இன்னொரு பெண்ணுக்குப் புரிந்தது என்ற இடம்தான் கதையில் நிலைத்து நிற்கிறது. டெரசாவும் அந்தப் புரிதலோடுதான் பாடியிருக்கிறார்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். வாத்திய அமைப்பில் எண்பதுகளின் மெல்லிசை வாடை தூக்கலாக இருக்கிறது. சில பாட்டுகளில் இனிப்பு ஒரு கரண்டி கூடிவிட்டது. லியூ யோங் என்ற கவிஞரின் பிரிவுக் கவிதை ரொம்பக் கனமானது. அதற்கு இந்தக் குரல் கொஞ்சம் மெலிசு என்பது என் அபிப்பிராயம். பன்னிரண்டில் பெண் எழுதியது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது நியே ஷெங்சியோங்கின் ஒன்றுதான். விளக்குத் திருவிழாவைப் பற்றிய இன்னொன்றை ஒரு பெண் கவிஞர் எழுதினார் என்றும் சொல்வார்கள், ஓர் ஆண் கவிஞர் எழுதினார் என்றும் சொல்வார்கள்.

ஒரே நிலா

கடைசிக்கு நிறுத்தி வைத்தது சு ஷி என்பவரின் கவிதை. இந்தத் தட்டின் உயிரே இதுதான். லியாங் ஹோங்சி என்ற இளைஞர் போட்ட மெட்டு.

1076-ம் வருஷம். சு ஷி சீனாவின் ஷான்டோங் பகுதியில் அதிகாரியாக இருக்கிறார். எட்டாவது சாந்திர மாதத்துப் பௌர்ணமி. சீனர்களுக்கு அது குடும்பமாகக் கூடி உட்கார்ந்து நிலாப் பலகாரம் சாப்பிடும் பண்டிகை. பிரியமான தம்பியைப் பார்த்துப் பல வருஷமாயிற்று. விடிய விடியக் குடித்துவிட்டு, நிலாவிடம் கோபித்துக்கொள்கிறார். பிறகு தானே சமாதானமாகிறார். நிலாவுக்கு வளர்வதும் தேய்வதும் உண்டு, மனிதருக்குச் சேர்வதும் பிரிவதும் உண்டு, இது இன்று நேற்று வந்ததா என்று கேட்கிறார். எத்தனை தூரத்தில் இருந்தாலும் இருவரும் நீண்ட நாள் இருந்து ஒரே நிலாவைப் பார்ப்போம் என்று வாழ்த்தி முடிக்கிறார்.

இது ஏன் 1983-ல் சீனர்களின் நெஞ்சைப் பிசைந்தது? 1949-ல் உள்நாட்டுப் போரில் தோற்ற அரசாங்கம் தைவானுக்கு வந்தபோது, கூடவே சிப்பாய்களும் குடும்பங்களுமாக லட்சக்கணக்கானவர்கள் வந்தார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். கடல் குறுக்கே நின்றது. சீனாவில் இருக்கும் உறவினரைப் போய்ப் பார்க்கலாம் என்று தைவான் அரசாங்கம் அனுமதித்தது 1987 நவம்பரில்தான். இந்தத் தட்டு வந்தபோது முப்பத்து நான்கு வருஷப் பிரிவு!

டெரசாவின் வீடும் அப்படிப்பட்டதுதான். அப்பா ஹெபெய் பகுதிக்காரர். அம்மா ஷான்டோங்காரர். ஆமாம், சு ஷி நிலாவைப் பார்த்து உட்கார்ந்திருந்த அதே ஷான்டோங். மகள் அந்த மண்ணைக் கடைசி வரை மிதிக்கவே இல்லை.

ஆன்டி ஒரு விஷயம் சொன்னார். அவருடைய அம்மா சின்ன வயதில் ஃபூஜியானிலிருந்து கப்பலேறி சிங்கப்பூர் வந்தவர். தங்கை அங்கேயே இருந்துவிட்டாள். எப்போதாவது ஒரு கடிதம் வரும். எழுதப் படிக்கத் தெரியாததால் அதையும் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். 1983 நிலாப் பண்டிகையன்று ஆன்டி இந்த கேஸட்டைப் போட்டார். கிழவிக்கு மாண்டரினே அரைகுறை, பழைய கவிதை எங்கே புரியப் போகிறது? ‘என்ன சொல்றா?’ என்று கேட்டாராம். ஆன்டி ஹொக்கியனில் சொன்னார்.

“அம்மா எதுவும் பேசலை. கையிலே இருந்த பலகாரத்தைத் தட்டிலே வெச்சுட்டு, ‘திரும்பப் போடு’ன்னாங்க. அன்னிக்கு ஏழு எட்டுத் தடவை போட்டிருப்பேன். அப்புறம்தான் நான் காசு வீணாகலைன்னு நினைச்சேன்” என்றார் ஆன்டி.

இதைவிட ஓர் இசைத்தட்டுக்கு என்ன விமரிசனம் வேண்டும்? படிப்பாளிகளின் அலமாரியில் இருந்ததை, எழுத்தே தெரியாத ஒரு தாயாரின் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டது அந்தக் குரல். பழசு செத்துப்போவது அது பழசாக இருப்பதால் இல்லை, யாரும் வாய்விட்டுப் பாடாததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சீனாவுக்குள்ளே நிலைமை வேறு. டெரசாவின் பாட்டுகளை மனசைக் கெடுக்கும் சோம்பல் பாட்டு என்று அதிகாரிகள் கண்டித்த காலம் அது. ஆனாலும் கேஸட்டைப் பிரதி எடுத்து, கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டார்கள். நாட்டை நடத்திய தலைவர் டெங் சியாவ்பிங். பாடகியின் குடும்பப் பெயரும் டெங். பகலில் பெரிய டெங் சொல்வதைக் கேட்போம், ராத்திரியில் சின்ன டெங் பாடுவதைக் கேட்போம் என்று ஜனங்கள் கேலியாகச் சொல்லிக்கொள்வார்களாம்!

ஒரு ரசிகையின் பதில்

பெய்ஜிங்கில் 1969-ல் பிறந்த ஒரு பெண் இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தாள். பள்ளிக்கூடம் படிக்கும்போதே, 1985-ல், டெரசாவின் பாட்டுகளைத் தானே பாடி கேஸட் கொடுத்தாள். அவள்தான் பிற்பாடு பெரும் புகழ் பெற்ற ஃபே வாங். 1995-ல் டெரசாவின் பாட்டுகள் பதின்மூன்றை மட்டுமே பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதில் சு ஷியின் நிலாப் பாட்டும் உண்டு. அதிகாரிகள் திட்டிய ‘சோம்பல் பாட்டு’ என்ற அந்த வசைச் சொல்லையே தன் பெயரோடு சேர்த்துத் தலைப்பாக வைத்தார். என்ன துணிச்சல் பாருங்கள்! டெரசா உருகுகிற இடத்தில் ஃபே வாங் ஒதுங்கி நின்று பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அத்தை செய்த வத்தக்குழம்பும் மருமகள் செய்த வத்தக்குழம்பும் மாதிரி. சாமான் ஒன்றுதான், கைமணம் வேறு.

ஆனால் அந்த ஆல்பம் வந்தபோது அதைக் கேட்க டெரசா உயிரோடு இல்லை. 1995 மே 8-ம் தேதி, தாய்லாந்தில் சியாங் மாய் நகரத்து ஹோட்டலில் தங்கியிருந்தபோது கடுமையான ஆஸ்துமா வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. வயது நாற்பத்திரண்டு. மூச்சை அத்தனை நளினமாக ஆண்ட ஒருத்திக்கு மூச்சே எமனாயிற்று. தைவானில் கடலைப் பார்த்த மலைச்சரிவில் அவர் சமாதி இருக்கிறது. வருகிறவர்கள் காலால் மிதித்து வாசிக்கும்படி அங்கே ஒரு பெரிய பியானோ கட்டை வரிசையும் வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு உங்களிடம் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இளைப்பு நோயை ‘குளிர்காலத்தில் வரும், போகும்’ என்று விட்டுவிடுகிறோம். இன்ஹேலர் போட்டால் பழகிவிடும் என்று பயப்படுகிறோம். அது தவறான பயம். டாக்டர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு மருந்தை, உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலும் நிறுத்தக் கூடாது. அவசரத்துக்கான இன்ஹேலர் வெளியூர் போகும்போது பெட்டிக்குள் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இன்ஹேலர் போட்டும் அடங்காவிட்டாலோ, கஷாயம் வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, சிகரெட் புகை மூன்றும் இளைப்பு உள்ளவர் இருக்கும் அறைக்குள் வர வேண்டாம்.

எப்படிக் கேட்பது

பன்னிரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் முதல் முறை எல்லாம் ஒன்று போலத் தோன்றும். ஆகவே நாளுக்கு ஒன்று. முதலில் சு ஷியின் நிலாப் பாட்டு. மறுநாள் லி யூவின் மாடிப் பாட்டு. மூன்றாவது நாள் சின் சீஜி. சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். இந்தக் குரல் பக்கத்தில் வந்து பேசுகிற குரல், கூட்டிவைத்தால் குணம் கெட்டுவிடும். கைக்குழந்தைக்காரிகள் தைரியமாகக் கேட்கலாம். என் நாத்தனார் மகள் இந்தப் பாட்டுகளுக்கு ஒரு நாளும் திடுக்கிட்டு எழுந்ததில்லை.

அதோடு இன்னொரு யோசனை. பிள்ளைகள் மனப்பாடச் செய்யுளை வைத்துக்கொண்டு முழிக்கிறார்களா? திட்டாமல், அவர்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு மெட்டில் அந்தச் செய்யுளை ஏற்றிப் பாடிக் காட்டுங்கள். தாளம் இடித்தால் இடிக்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள்? மார்க்கு வருவது ஒரு பக்கம். நாற்பது வயதில் ஏதோ ஒரு கஷ்டமான ராத்திரியில் அந்த வரி அவர்களுக்குத் தானாக ஞாபகம் வருமே, அதற்காகச் சொல்கிறேன்.

உங்களில் யாருக்காவது பாஷை தெரியாமலே பிடித்துப்போன பாட்டு இருந்தால் எழுதுங்கள். யார் மூலமாக அது உங்களிடம் வந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.